லைட் எரிந்தால் சென்சார் போச்சா?

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. பெரும்பாலும் கர்நாடகா பதிவெண். கிரானைட்டிலோ மாங்கூழிலோ நாலு காசு பார்த்தவர்கள் ஆசைக்கு வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நெடுஞ்சாலையில் ஓட்டம், மற்ற நாளெல்லாம் கவர் போட்டு ஷெட்டில் தூக்கம். அப்படி நிற்கும் வண்டியில் ஒருநாள் மஞ்சள் 'செக் என்ஜின்' லைட் எரிகிறது. ஓனர் ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்கே வருகிறார். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுணா, மாத்திடுங்க."

மாற்றிக் கொடுப்பது எனக்கு லாபம்தான். ஆனால் பாதி வண்டிகளில் அந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். என்ஜினில் நடக்கிற தப்பை அது எடுத்துச் சொல்ல, சாட்சி சொன்னவனையே பிடித்து உள்ளே தள்ளுகிறோம்.

இந்த சென்சார் எக்ஸாஸ்ட் குழாயில் திருகியிருக்கும். உள்ளே சிர்கோனியா பீங்கான். வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனையும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் ஒப்பிட்டுச் சின்ன மின்னழுத்தம் ஒன்றைத் தரும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், காற்று கூடினால் 0.1 வோல்ட் பக்கம். பாஷ் கம்பெனி தயாரித்து 1976இல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த சங்கதி இது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தவறாமல் இசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்வது இதை வைத்துத்தான். புது வண்டிகள் பலவற்றில் என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சென்சார் வைட்பேண்ட் வகை, கலவை எவ்வளவு கூடக் குறைய என்று அளந்தே சொல்லும். அதை மல்டிமீட்டரில் 0.1, 0.9 என்று தேடினால் கிடைக்காது, ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை, அதாவது கோட் (code) என்பதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். பேங்க் என்பது என்ஜினில் ஒரு பக்கத்து சிலிண்டர் வரிசை. பி0135 என்றால் முதல் பேங்கின் முன் சென்சாரில் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. பி0133 என்றால் அதே சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. இவற்றில் சென்சார் மேல் சந்தேகப்படலாம். பி0171, பி0174 அப்படியல்ல. முதல் பேங்க், இரண்டாம் பேங்க் ஆகியவற்றில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பதுதான் அதன் செய்தி. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்க சென்சாரும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்று நம்புவதற்கு எனக்கு மனசு வராது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

அப்படித்தான் ஒரு சிவப்பு டூ சீட்டர் வந்தது. ஆறு சிலிண்டர், இரண்டு பேங்க், நாலு சென்சார். வேறோர் இடத்தில் முன் சென்சார் இரண்டையும் மாற்றி, பில்லும் கையில் வைத்திருந்தார் ஓனர். லைட் மட்டும் போகவில்லை. ஸ்கேனரில் ஃபூயல் டிரிம்மை, அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கைப் பார்த்தேன். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, இரண்டு பேங்கிலும் 22 சதவீதம் கூட்டல், அதாவது இசியூ அவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். வேகம் கூடக் கூட டிரிம்மும் கூடியிருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போயிருப்பேன். குழாய்களுக்குள் புகையைச் செலுத்திக் கசிவு காட்டும் ஸ்மோக் மெஷினை மாட்டியதும், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில், என்ஜின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸின் வளைவிலிருந்து புகை இழையாக வந்தது. மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி. விரலை அடியில் விட்டுத் தடவினால் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வெயிலும் சூடும் தின்ற ரப்பர்.

"அப்ப அந்த ரெண்டு சென்சார் காசு?" என்றார். நான் என்ன சொல்ல.

சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லேசாகக் கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், காற்று அதிகம் என்று பொய்க் கணக்கு காட்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, அதனால் டிரிம் சில சதவீதம் தானாகவே கூடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பழைய வண்டிக்கு அந்தச் சில சதவீதம் போதும், லைட் எரிந்துவிடும்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: வண்டி சூடான பிறகு கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இசியூ பெட்ரோலை அடைத்துவிடும். புகைக்குப் பதில் வெறும் காற்றுதான் போகும், நேரோபேண்ட் சென்சாரின் (0.1, 0.9 காட்டும் பழைய வகை) வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். திரும்ப மிதித்தால் சட்டென்று ஏற வேண்டும். ஸ்கேனரைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், லாரிக்கு நடுவில் விளையாட இடமில்லை. இதிலேயே இன்னொன்றும் விளங்கும். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் மிச்சம் எதுவும் பிடிப்பதில்லை. கியரில் இறங்கினால்தான் எரிபொருள் நிற்கும், நியூட்ரலில் ஐடிலுக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பிரேக்குக்குச் சுமை வேறு.

பி0135 மாதிரி ஹீட்டர் கோட் வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள்தான் பெரும்பாலும் ஹீட்டர். அவற்றுக்கு நடுவே சில ஓம்கள் காட்ட வேண்டும், சரியான எண் மேனுவலில் இருக்கும். ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் இல்லாவிட்டால் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடேற நேரமாகும், அதுவரை என்ஜின் குத்துமதிப்பாக ஓடும்.

மாற்றும்போது பேங்க் எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் முதல் பேங்க். வலது, இடது என்று ஊகிக்காதீர்கள், அதுவும் என்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில். இந்த வண்டிகள் தரையை ஒட்டி நிற்பவை, சாதாரண ஜாக் உள்ளே போகாது. பலகை மேல் ஏற்றி, ஜாக் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் படுக்காதீர்கள். என்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் மரை இளகும். பெனிட்ரேட்டிங் ஆயிலை விட்டு ஊறவைத்து, ஒயர் நுழையப் பள்ளம் உள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டில் நிதானமாகத் திருப்புங்கள். முரட்டுத்தனம் காட்டினால் மரை கூடவே வந்துவிடும், அப்புறம் அது லேத் வேலை.

புதிய சென்சாரின் மரையில், மரை இறுகிப் பிடிக்காமலிருக்க உதவும் ஆன்டி சீஸ் பசை பெரும்பாலும் தடவியே வரும். தடவுவதானால் மரையில் மட்டும், நுனியில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. கீழே விழுந்த சென்சாரைப் போடாதீர்கள், உள்ளே பீங்கான். ஒயரை வெட்டி சால்டர் வைக்காதீர்கள், பல சென்சார்கள் ஒயர் வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. பக்கத்தில் எங்கும் சாதாரண சிலிக்கான் கேஸ்கெட் பசை வேண்டாம், அதன் ஆவியே சென்சாரைக் கொன்றுவிடும்.

பழைய சென்சாரை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி நுனியைப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது. வெள்ளையாகப் படிந்திருந்தால் சிலிக்கானோ கூலன்டோ உள்ளே போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டிய புதுச் சென்சாரும் அதே வழியில் போகும்.