நாடி நிமிடத்துக்கு 40 என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் அந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதயத்தை எண்ணுவதில்லை. விரலுக்கு வந்து சேரும் நாடி அலையைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு இயல்பான துடிப்பை ஒட்டியும் இதயத்தின் கீழறையிலிருந்து இன்னொரு துடிப்பு முந்திக் கிளம்பினால், ரத்தம் நிரம்பும் முன்பே இதயம் சுருங்கிவிடும். அந்த அலை விரல் வரை வராது. கருவி 40 என்று காட்டும், இசிஜியில் 80 இருக்கும்.

இசிஜியிலும் 40தான் என்றால் அடுத்தது மருந்துச் சீட்டு. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் எல்லோருக்கும் நினைவு வரும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துதான் தப்பிவிடும்: கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்து, மாத்திரை போலவே துடிப்பைக் குறைக்கும். எனவே சொட்டு மருந்தையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். (சந்தேகம் வந்தாலும் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.)

அடுத்து ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதான ஒருவர் பீட்டா பிளாக்கர் (மெட்டோப்ரோலால் போன்ற மருந்து) எடுத்தால், மிதமாக ஏறிய பொட்டாசியமும் அந்த மருந்தும் கைகோத்துத் துடிப்பை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். இதைப் பார்க்காமல் பேஸ்மேக்கர் வைப்பது பெரிய தவறு. திடீரென மெதுவான துடிப்போடு நெஞ்சு வலி, வியர்வை இருந்தால் மாரடைப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

இனி இசிஜித் தாள். பி அலை என்பது மேலறை தூண்டப்படுவதன் பதிவு. பி அலைகளே குறைவாக வந்தால் கோளாறு துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முனையில். பி அலை 80, கீழறைத் துடிப்பு 40 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று வழியில் தடைபடுகிறது. தடை மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி முனையிலா, அதற்குக் கீழே மின்தூண்டலைக் கீழறைக்குக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றைப் பக்கமா என்பதுதான் உயிரான கேள்வி. கீழே இருந்தால் எந்நேரமும் முழுத் தடையாகலாம். கண்காணிப்பில் வைத்து நடக்கச் சொன்னால், முனையில் உள்ள தடை பெரும்பாலும் இளகும், துடிப்பு ஏறும். கீழே உள்ள தடையோ மோசமாகும்: பி அலை கூடக்கூட, கீழே இறங்குவது குறையும். துடிப்பை ஏற்றப் போடும் அட்ரோபின் ஊசிக்கும் அதே பதில்தான்.

பி அலை ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில நேரம் முந்திவந்த பி அலை கீழறைக்கு இறங்காமல், முந்தைய துடிப்பின் முடிவில் வரும் டி அலைக்குள் ஒளிந்து, அதன் முகட்டில் சிறு மேடாக மட்டும் தெரியும். அது தடையே அல்ல, பேஸ்மேக்கர் தேவைப்படாது.

எப்போதாவது வரும் மயக்கத்தை ஒரு நாள் ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொள்ளும் இசிஜி பதிவுக் கருவி) பெரும்பாலும் பிடிக்காது. தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் என்ற சிறு பதிவுக் கருவி மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்கும். மயங்கிய நொடியில் துடிப்பு சீராகவே பதிவாகியிருந்தால், அந்த மயக்கத்துக்குக் காரணம் மெதுவான துடிப்பு அல்ல.