பரவல் சிமுலேஷனை நம்புவதற்கு முன்

நோயோ வதந்தியோ, எப்படிப் பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. பிறர் எழுதிய சிமுலேஷன்களும் சரிபார்க்க வரும். நான் முதலில் திறப்பது வரைபடத்தை அல்ல, செல்களின் (ஒரு செல் என்றால் ஒரு ஆள்) நிலையை எந்த வரிசையில் மாற்றியிருக்கிறார்கள் என்ற பகுதியைத்தான்.

ஒரே வரிசையில் 100 செல்கள். நடுவில் ஒன்றுக்கு மட்டும் தொற்று. பக்கத்து செல்லில் தொற்று இருந்தால் அடுத்த படியில் இதற்கும் வரும், அவ்வளவுதான் விதி. செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) இடமிருந்து வலமாகப் போகிறது, புது நிலையையும் அதே பட்டியலில் எழுதுகிறது என்று வையுங்கள். முதல் படியில் இடப்பக்கம் ஒரே ஒரு செல்லுக்குத்தான் தொற்று வரும். வலப்பக்கமோ கடைசி செல் வரை அத்தனைக்கும் வந்துவிடும்! விதியில் இல்லாத சாய்வு லூப்பிலிருந்து வந்தது. இங்கே அது கண்ணில் படுகிறது. ஆயிரக்கணக்கான ஆட்கள் பின்னிப் பிணைந்த நெட்வொர்க்கில் படாது. வேகமாகப் பரவும் நோய் என்றே நினைத்துக்கொள்வோம். பழைய நிலைக்கு ஒரு பட்டியல், புதியதற்கு இன்னொன்று என்று வைத்தால் சரியாகிவிடும்.

ஆனால் இரண்டு பட்டியல் வைத்தால் எல்லோரும் ஒரே கணத்தில் மாறுவார்கள். அது நிஜத்தில் நடக்குமா? 1992-இல் மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே என்ற ஆய்வாளர்கள், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் முடிவெடுக்கும் 'கைதிகளின் இக்கட்டு' ஆட்டத்தைச் சதுரக் கட்டங்களில் ஓட்டி, ஒத்துழைப்பவர்கள் அழியாமல் நிலைப்பதைக் காட்டினார்கள். மறு வருடமே ஹூபர்மனும் கிளான்ஸும் செல்களை ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டியபோது அந்த ஒத்துழைப்பு காணாமல் போனது. ஆட்டத்தின் எண்களை மாற்றினால் அது தாக்குப்பிடிக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்காத முடிவை நான் ஏற்பதில்லை.

நிகழ்தகவைக் கூட்டிவிடுவதும் அடிக்கடி கண்ணில் படும். ஒருவரிடமிருந்து தொற்ற 10% வாய்ப்பு, சுற்றிலும் 10 பேருக்குத் தொற்று என்றால் 100% ஆகாது, சுமார் 65%தான்.

எனக்கு அதிகம் கவலை தருவது, பலமுறை ஓட்டி எடுக்கும் சராசரிக் கோடு. ஒருவர் சராசரியாக 2 பேருக்குத் தொற்றைக் கொடுத்தாலும், ஒரே ஆளிடம் தொடங்கும் ஓட்டங்களில் கணிசமானவை ஆரம்பத்திலேயே அணைந்துவிடும். எளிய மாதிரியில் ஏறத்தாழப் பாதி. மீதிப் பாதி பெரிதாக வெடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒரு நடுத்தரப் பரவல் வரைபடத்தில் வந்து நிற்கும். அதை வைத்து மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிட்டால், பரவல் வெடிக்கும் நாளில் தேவையில் பாதிதான் கையில் இருக்கும். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தனித்தனி ஓட்டங்களின் கோடுகளையும் கேட்டு வாங்குங்கள்.