முலேத்தா: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்பானிய மொழியில் 'முலா' என்றால் கோவேறு கழுதை. அதிலிருந்து வந்த சொல் 'முலேத்தா'. சுமை தாங்கும் விலங்கின் பெயர், ஆளைத் தாங்கும் ஊன்றுகோலுக்கு ஆகிவந்துவிட்டது. ஸ்பெயினில் கால் உடைந்தவர் இன்றும் முலேத்தா ஊன்றித்தான் நடக்கிறார். காளைப்போர் அரங்கில் மட்டும் அதற்கு வேறு பொருள்: கோலில் மாட்டிய சிவப்புத் துணி. 18ஆம் நூற்றாண்டில் ரோந்தா ஊரின் பிரான்சிஸ்கோ ரொமேரோ இதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அங்குள்ள மரபு.

ஆட்டம் தொடங்கும்போது வீரர் கையில் இருப்பது இதுவல்ல; 'கப்போத்தே' என்ற பெரிய துணி. ஒரு பக்கம் அடர் இளஞ்சிவப்பு, மறுபக்கம் பெரும்பாலும் மஞ்சள். இரு கையாலும் பிடித்து வீசுவார்கள். குதிரைமேல் வருபவர் ஈட்டியால் குத்தி, தரையில் நிற்பவர்கள் காகிதம் சுற்றிய முள்குச்சிகளைக் காளையின் முதுகில் செருகிய பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் முலேத்தா வரும்.

வலக்கையில் பிடித்தால் வாளும் துணிக்குள் நுழைந்து அதை அகலமாக விரிக்கும். இடக்கைக்கு மாறினால் வாள் வலக்கையிலேயே தங்கிவிடும். துணி சுருங்கித் தொங்கும், காளைக்கும் ஆளுக்கும் நடுவே மறைப்பு குறையும். 'நத்துரால்' எனும் இந்த இடக்கை வீச்சைத்தான் ரசிகர்கள் பெரிதாக மதிக்கிறார்கள். வாளைப் பாய்ச்சும் நொடியிலும் துணி இடக்கையில்தான். அதைத் தாழ்த்தி இழுத்தால் காளையின் தலை குனியும். தோள்களுக்கு நடுவே வழி திறக்கும்.

சிவப்பு காளையை வெறியேற்றுகிறது என்பதெல்லாம் கதை. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. துணியின் அசைவைப் பார்த்துத்தான் பாய்கிறது.

சரி, தமிழில்? 'ஊன்றுகோல்' என்று அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் வீரர் நொண்டியதாகிவிடும். 'சிவப்புத் துணி' தப்பில்லை, ஆனால் அது நிறத்தைச் சொல்கிறதே தவிர கருவியைச் சொல்லவில்லை. என் தேர்வு 'கோல்துணி'. புணர்ச்சி விதிப்படி 'கோற்றுணி' என்று எழுதலாம்தான். யார் வாயிலும் நுழையாது. கப்போத்தேக்கு 'வீச்சுத்துணி' பொருந்தும்.

இன்னொன்று: இந்த ஆட்டத்துக்கே 'ஸ்பெயின் ஜல்லிக்கட்டு' என்று எழுதுவதை விட்டுவிடலாம். ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடிப்பவர் கையில் துணியும் கிடையாது, வாளும் கிடையாது. 'காளைப்போர்' போதும். முதல் முறை 'முலேத்தா எனும் கோல்துணி' என்று எழுதிவிட்டு, அப்புறம் கோல்துணி என்றே தொடரலாம்.