தாத்தாவின் பெயரும் அரசின் கோப்பும்: தேசிய ஆவணக்காப்பகத்தில் குடும்ப வரலாறு தேடும் வழி

தம் பாட்டனாரின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்திய தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே ஆவணங்கள் ஆட்களின் பெயரால் அடுக்கப்படவில்லை. எந்தத் துறை, எந்தக் கிளையில், எந்த ஆண்டில் ஒரு கோப்பைத் திறந்ததோ அந்த வரிசையில்தான் அது இன்றும் இருக்கிறது. ஆகவே "என் முன்னோர் யார்?" என்ற கேள்வியை, "என் முன்னோரைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் எந்த அலுவலகத்துக்கு, எப்போது நேர்ந்தது?" என்று மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. அவர் கப்பல் ஏறினாரா, பட்டாளத்தில் சேர்ந்தாரா, ரயில்வேயில் வேலை பார்த்தாரா, மனு எழுதினாரா, சிறைக்குப் போனாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்த பிறகு போனால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

இந்தக் காப்பகம் 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. பின்னர் தலைநகர் மாற்றத்தைத் தொடர்ந்து புது தில்லிக்கு வந்தது. இங்குள்ளவற்றைப் பார்க்கும் வழியை வகுப்பது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம். அதன் 12ஆம் பிரிவின்படி, இரகசிய வகைப்பாடு இல்லாததும், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், காப்பகத்துக்கு மாற்றப்பட்டதுமான பொது ஆவணங்களை, விதிகளில் சொல்லப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, நேர்மையான நோக்கமுடைய ஆய்வாளர் எவருக்கும் பார்க்கக் கொடுக்கலாம். கோப்பு திறக்கப்பட்ட ஆண்டிலிருந்தே இந்த முப்பது ஆண்டுகள் கணக்கிடப்படும். "ஆய்வாளர்" என்ற சொல்லைக் கண்டு தயங்கிப் பின்வாங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். சட்டத்தின் விளக்கப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பட்டம் என்றோ பதவி என்றோ எந்த நிபந்தனையும் வைக்கப்படவில்லை. விண்ணப்பத்தில் ஆய்வுப் பொருளைக் கேட்கும் இடத்தில், "குடும்ப வரலாறு" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், "1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள்; குறிப்பாக இன்ன வட்டத்திலிருந்து சென்ற ஒரு குடும்பம்" என்பதுபோல் காலமும் இடமும் தெரிய எழுதுவது நல்லது. எந்தத் தொகுதியைக் காட்டுவது என்று முடிவு செய்ய அலுவலருக்கும் அதுதான் உதவும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் தம் நாட்டுத் தூதரகத்தின் அறிமுகக் கடிதத்தையும் முன்கூட்டியே பெற்றுவைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. 1892ஆம் ஆண்டுக்கு முன் உருவான ஆவணம் எதையும், பயன்படுத்தவே முடியாத அளவுக்குச் சிதைந்துபோனது என்று காப்பகத் தலைவர் கருதினால் அன்றி, அழிக்கக் கூடாது என்கிறது அது. நம் கொள்ளுப்பாட்டன் காலத்துத் தாள்களுக்குச் சட்டம் போட்ட வேலி இது.

இனி, அங்கே கிடைக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் உள்ளாட்சி மற்றும் பதிவு அலுவலகங்களைச் சேர்ந்தவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவீடாக எழுதப்பட்ட தனிநபர் விவரங்களைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை என்று 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் அந்தத் தாள்கள் திறக்கப்படுகின்றன என்று படித்துவிட்டு இங்கேயும் அதை எதிர்பார்ப்பது வீண் அலைச்சல்.

கப்பல் ஏறியவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1834இல் மொரிசியசுக்குத் தொடங்கி 1917 வரை நீடித்த ஒப்பந்தக் கூலி முறையில், ஒவ்வொருவருக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. பிஜிக்குச் சென்றவரின் சீட்டு ஒன்றைக் கண்முன் வைத்துப் பார்த்தால், கப்பலின் பெயர், ஆளின் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், நெருங்கிய உறவினர் பெயர், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். ஒரு குடும்பம் ஊரை மறந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தாலும் அந்த ஊரின் பெயர் அதில் மை உலர்ந்து கிடக்கும். ஆனால் இந்தச் சீட்டுகளைத் தேட வேண்டியது தில்லியில் அன்று. ஆட்கள் போய் இறங்கிய நாடுகளில். பிஜியின் சீட்டுகள் சுவாவிலுள்ள அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மொரிசியசின் குடிவரவுப் பதிவேடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. நேட்டாலின் கப்பல் பட்டியல்கள், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலிலிருந்து தொடங்குகின்றன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி (ஆள் திரட்டி மேற்பார்த்தவர்) வழியாகப் போனவர்களுக்கு இத்தகைய ஒப்பந்தச் சீட்டு இல்லை. அந்தக் குடும்பங்களின் தேடல் கடினமானது. தோட்டப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு என்று வேறு வழியில்தான் போக வேண்டும்.

அப்படியானால் தில்லியில் என்ன இருக்கிறது? வருவாய் மற்றும் வேளாண்மைத் துறையிலும், பிறகு வணிகம் மற்றும் தொழில் துறையிலும் 'எமிக்ரேஷன்' (குடிபெயர்வு) என்று ஒரு கிளை இயங்கியது. கப்பல்களில் நேர்ந்த சாவுகள், திரும்பி வந்தவர்கள், இறந்தவரின் சேமிப்பைக் கேட்டு உறவினர் எழுதிய மனுக்கள் போன்றவற்றை அந்தக் கிளையின் கோப்புகளில்தான் தேட வேண்டும். இவை 'ஏ', 'பி' என்று தரம் பிரித்து வைக்கப்பட்டவை. கொள்கை முடிவுகள் 'ஏ' வரிசையில் அச்சாகியிருக்கும். அன்றாடக் கடிதப் போக்குவரத்து 'பி' வரிசையில் கிடக்கும். சாதாரண மனிதரைத் தேடுகிறவர் 'பி' வரிசையைத் தவறவிடக் கூடாது. காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் துறை, ஆண்டு, தலைப்புச் சொல் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தே தேடிப் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யலாம். மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தார், பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து 1997இல் காப்பகத்துக்கு வந்த 990 கோப்புகளையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் பெரிய தடை. முத்து என்பவர் 'மூட்டூ' ஆகியிருப்பார். ராமசாமி, 'ராம்சாமி' ஆகியிருப்பார். தஞ்சாவூர் 'டாஞ்சோர்' என்றும், திருநெல்வேலி 'டின்னவெலி' என்றும், நாகப்பட்டினம் 'நெகபட்டாம்' என்றும் இருக்கும். ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நிலத்தோடு தொடர்புள்ள குடும்பம் என்றால் தில்லியைவிடச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே பலன் தரும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கானது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மாநில அரசுடையது, அதன் அனுமதி நடைமுறையும் தனி. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் சென்னை மாகாணத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றுள் மானிய நிலங்களின் பதிவேடான இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் குடும்பத் தேடலுக்கு ஒரு புதையல். முதலில் மானியம் பெற்றவர் யார், 1860களில் அதை அனுபவித்தவர் யார், அவருடைய வயது என்ன, முன்னவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கும். சில ஊர்களுக்கு மூன்று தலைமுறை வம்சாவளி அப்படியே கிடைத்துவிடும். இத்தகைய கணக்குகளில் பசலி ஆண்டு, அதாவது வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, வந்தால் அதோடு 590ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். பசலி 1270 என்பது 1860 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தார் தேசிய ஆவணக்காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் விசாரிக்கலாம்.

கோப்பு இன்னும் காப்பகத்துக்கு வராமல் ஏதேனும் மத்திய அலுவலகத்திலேயே தங்கியிருந்தால், இந்தியக் குடிமக்கள் பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றால், அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு மறுப்புக்கான காரணங்களைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பெயரைக் கண்டுபிடித்த நிமிடத்தில் கண் கலங்கும், கை நடுங்கும். அப்போதும் துறை, கிளை, மாதம், ஆண்டு, நடவடிக்கை எண், பக்கம் ஆகிய ஆறையும் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுங்கள். நகலுக்கு விண்ணப்பிக்க அதுதான் வேண்டும். அதே தாளைத் தேடி நாளை உங்கள் பேத்தி வந்தாலும் அதுதான் வேண்டும்.