"நான் போயிட்டா அம்மா தனியா இருப்பாங்க"

இந்த மாதத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த இப்படிப்பட்ட பிள்ளைகளில் இவன் மூன்றாவது. ஒன்பது வயதுப் பையன். பெற்றோர் பிரிந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. அப்பா வீட்டுக்குப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை மாலை ஆனால் போதும், வயிற்று வலி. மருத்துவர் பார்த்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. என்னிடம் அழைத்து வந்தபோது அந்த அம்மாவிடம் முடிவு தயாராக இருந்தது: அப்பா வீட்டில் ஏதோ சரியில்லை, அதனால்தான் போக மாட்டேன் என்கிறான்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனை வீடு வரையச் சொன்னேன். இரண்டு வீடு வரைந்தான். அப்பா வீட்டில் கட்டில், டிவி, ஒரு நாய்க்குட்டி. அம்மா வீட்டில் ஒரு சோபா, அதில் அம்மா. அவ்வளவுதான். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருக்காங்க. நான் இல்லாட்டி லைட்டே போட மாட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் போயிட்டா அம்மா தனியா இருப்பாங்க" என்றான்.

(அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கடைசி வரியை மாற்றவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.)

"இனி எனக்கு என் பிள்ளைதான் எல்லாம்." பத்துப் பன்னிரண்டு வருட உறவை முடித்துக்கொண்டு வருகிறவர்களில் இதைச் சொல்லாதவரை நான் பார்த்தது அபூர்வம். சொல்லும்போது குரலில் ஒரு தியாகப் பெருமை வேறு இருக்கும். சுற்றி இருப்பவர்களும் மெச்சுவார்கள். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மன்னியுங்கள், இருபது நிமிடத்துக்கு முன்னால்தான் இன்னொருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த "எல்லாம்" ஒன்பது வயதுக் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சிரித்தால் அம்மா சாப்பிடுவாள். நான் முகம் சுளித்தால் அம்மா அழுவாள். நான் அங்கே போய்ச் சந்தோஷமாக இருந்தால், இங்கே ஒருத்தியை அம்போவென்று விட்டுவிட்டேன் என்று அர்த்தம். நீங்கள் அன்பு என்று நினைத்துக் கொடுத்தது அவன் கையில் வேலையாகப் போய்ச் சேர்கிறது. அதுவும் லீவு இல்லாத வேலை. உங்கள் துணை விட்டுப் போன நாற்காலியில் அவனை உட்கார வைத்திருக்கிறீர்கள், அவன் கால் தரையைக்கூடத் தொடவில்லை.

குடும்ப சிகிச்சையில் இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பெற்றோர் செய்ய வேண்டியதைப் பிள்ளை எடுத்துக்கொள்வதைப் பற்றி அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான சல்வடோர் மினுசின் 1960களிலேயே எழுதிவிட்டார். "ரொம்ப மெச்சூர்டான பிள்ளைங்க, என்னையே அவன்தான் பாத்துக்கிறான்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

அம்மாக்கள் மட்டுமா? ஒரு அப்பா, மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருப்பாராம், வரிசையாக இதயங்கள் அனுப்பிக்கொண்டு. "குட்நைட் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். பதினொரு வயது மகள் இரவு ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருந்தாள். பெயர்: "அப்பா தூங்கணும்".

சரி, அந்த வலி பொய்யா என்றால், இல்லை. ஹோம்ஸ், ரே என்ற இருவர் 1967இல் வெளியிட்ட வாழ்க்கை நெருக்கடிப் பட்டியலில் துணையின் மரணத்துக்கு 100, அடுத்தது விவாகரத்துக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65. நீங்களே எடுத்த முடிவாக இருந்தாலும் துக்கம் வரும்; "நான்தானே வேண்டாம்னேன், எதுக்கு அழணும்" என்று யாரும் என்னிடம் வாதாட வேண்டாம். பிள்ளை இருந்தால் இன்னொரு சிக்கல். போனவர் போய்விடவில்லை. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறார், நீங்கள் எடுத்துக் கொடுத்த அதே சட்டையில். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாதிரி இழப்புக்குத் "தெளிவில்லாத இழப்பு" என்று பொருள்படும் பெயர் வைத்தார். முடிவு தெரியாததால் துக்கமும் முடிய மாட்டேன் என்கிறது. அழ வேண்டியதுதான். தோழியிடம் அழுங்கள், அண்ணனிடம் அழுங்கள், என்னிடம் வந்து அழுங்கள், அதற்குத்தான் அறையில் டிஷ்யூ பெட்டி வைத்திருக்கிறேன். பிள்ளையின் தோளில் வேண்டாம்.

இன்னொரு பயத்தையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரிந்த வீட்டுப் பிள்ளை உருப்படாது என்பது உண்மையில்லை. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏறத்தாழ 1,400 குடும்பங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளில் கடுமையான சிக்கல் வந்தவர்கள் 25 சதவீதம், பிரியாத வீடுகளில் 10 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மீதி 75 பேரையும் கண்ணைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளை அதிகம் உருக்குலைப்பது, பிரிந்த பிறகும் ஓயாத சண்டை.

பிள்ளை இல்லாத அந்த இரண்டு நாளுக்கு வருவோம். மோசமான நேரம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது அதுதான். அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை வியாழக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை வந்த பிறகு யோசித்தால் சோபாதான் ஜெயிக்கும். பெரிதாக எதுவும் வேண்டாம். நடக்கப் போங்கள். நாலு வருடமாகப் பேசாத நண்பரைக் கூப்பிடுங்கள். இவ்வளவு நாள் உங்கள் துணை மட்டுமே பார்த்துக்கொண்ட வேலைகள் இருக்குமே, பில்லோ, வங்கியோ, பழுது பார்ப்பதோ, அதில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் எதுவும் பிடிக்காது. பிடிக்காமலே செய்யுங்கள்.

வாசலில் பிள்ளையை ஒப்படைப்பதை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். கட்டிப்பிடித்து அழுகிற இடம் அது இல்லை. பணம், பள்ளி, பழைய பாக்கி, எதுவானாலும் நேரடியாகப் பிரிந்த துணைக்கே எழுதுங்கள். பிள்ளை தபால்காரர் இல்லை. திரும்பி வந்ததும் "அங்க யார் வந்தா?" என்ற விசாரணை வேண்டவே வேண்டாம். வந்த அன்று பிள்ளை சிடுசிடுப்பாக இருந்தால் உடனே வக்கீலைக் கூப்பிடாதீர்கள். வீடு மாறினால் பெரியவர்களுக்கே ஒரு நாள் பிடிக்கும். புதிதாக ஒருவர் வாழ்க்கையில் வந்தால், தயவுசெய்து, பிள்ளையிடம் அறிமுகப்படுத்த அவசரப்படாதீர்கள்.

அடி, மிரட்டல், பயம் இருந்த உறவென்றால் நான் மேலே சொன்ன எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பாதுகாப்புதான் முதலில், சட்ட உதவியோடு. வயிற்று வலி, போக மறுப்பு என்று வந்தால் என் கதையை வைத்து நீங்களே காரணம் முடிவு செய்யவும் வேண்டாம். பிள்ளையைத் தனியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்கட்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அடுத்த வாரம் என்று தள்ளாமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். பையன் கிளம்பும் முன், சனிக்கிழமை அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவனிடம் சொல்ல வேண்டும். உண்மையாகச் செய்யப் போவதை. முதல் வாரம் சும்மா ஏதோ சொன்னார். அவன் அங்கிருந்து மூன்று முறை போன் செய்தான். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார், என்மேல் கொஞ்சம் எரிச்சலோடுதான்.

அடுத்த முறை பையன் உள்ளே வந்ததுமே புகார். "நேத்து போன் பண்ணேன், அம்மா எடுக்கவே இல்ல. தண்ணியில இருந்தாங்களாம்." உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிரேயான் பெட்டியைத் திறந்தான். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன். அவனும் சொல்லவில்லை.