கடுக்காய்க்கும் ஒரு படிவம் உண்டு: சிறு வன மகசூல் உரிமை

மலையூர்களில் வன உரிமைச் சட்டம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "பட்டா கிடைக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் இருந்து பாடுபட்டுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு மட்டும், அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமைப் பத்திரம் உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம். ஆனால் அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா விஷயம் இவ்வளவுதான். இதைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று.

அதே சட்டத்தில் இன்னொரு உரிமை இருக்கிறது. கையில் காசு புரள்வது அதில்தான், கேட்பவர்கள்தான் குறைவு. புளி, கடுக்காய், தேன், கல்பாசி, பூந்திக்கொட்டை, சீமாறு என்று காட்டில் எடுத்து விற்பவற்றுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் சிறு வன மகசூல். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சேகரித்துவந்த மகசூலுக்கு அவர்களே உரிமையாளர்கள் என்கிறது. சேகரிக்க அனுமதி மட்டும் கிடைப்பதாக நினைக்க வேண்டாம். எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். ஊர் எல்லையைத் தாண்டிய காட்டில் வழக்கமாக எடுத்துவந்தாலும் பொருந்தும். மூங்கில், பிரம்பு, மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை, கிழங்கு எல்லாம் பட்டியலில் உள்ளன. தாவர வழி வந்தவை என்று தொடங்கும் அந்த வரையறைக்குள் தேனையும் பட்டுக்கூட்டையும் சேர்த்திருக்கிறார்கள். எப்படி என்று கேட்காமல் வாங்கிக்கொள்வோம்! மரம் வெட்டுவதும் வேட்டையும் இதில் வராது.

சரி, எடுத்தாயிற்று. எப்படிக் கீழே இறக்குவது? 2008இல் வந்த விதிகள் இந்த இடத்தில் கையைக் கட்டிப்போட்டன. தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி இவற்றுக்குத்தான் இடம் இருந்தது. மலைப்பாதையில் கைவண்டி தள்ளச் சொன்னவர் மலையைப் பார்த்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். 2012 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி அதை மாற்றினார்கள். இப்போது பொருத்தமான எந்த வாகனத்திலும் காட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகலாம். சேமித்துவைக்கலாம், பதப்படுத்தலாம், தனியாகவோ சங்கமாகவோ விற்கலாம். சேகரிப்புக்கு ராயல்டி, கட்டணம் எதுவும் கிடையாது. போக்குவரத்துச் சீட்டைத் தருவதும் கிராம சபையின் குழுவோ அது நியமித்த ஆளோதான்.

இந்தச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மெந்தா லேகா ஒரு பாடம். கோண்டு மக்களின் சிற்றூர். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை, அதாவது ஊர் முழுவதற்குமான பொது உரிமை, கிடைத்தது. நாட்டிலேயே அதை முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று. பத்திரம் கையில் இருந்தும் மூங்கிலை வெளியே கொண்டுபோக வழியில்லை. 1927ஆம் ஆண்டு வனச் சட்டப்படி மூங்கில் 'மரம்' என்றது வனத்துறை. புல் இனத்தை மரமாக்கிய அந்தக் கணக்கு 2011 ஏப்ரலில்தான் தளர்ந்தது. அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து, சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். அதற்கப்புறம் தன் மூங்கிலை ஊரே விற்றது.

அரசின் பணத் திட்டங்களுக்கு வருவோம். சிறு வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2013-14 முதல் இருக்கிறது. 2020 மே மாதம் உயர்த்தியபோது கொட்டையுடன் கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய், மலைத்தேனுக்கு 225 ரூபாய் என்று வைத்தார்கள். கடைத்தெருவில் மலைத்தேன் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். சந்தை விழும்போது தாங்கிப் பிடிக்கத்தான் இந்த விலை. லாபத்துக்கு இதை நம்ப முடியாது.

லாபம் பதப்படுத்துவதில் இருக்கிறது. கொட்டை எடுக்காத புளியை வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுப்பது ஒன்று. கொட்டை நீக்கி, உலர்த்தி, பொட்டலம் போட்டு விற்பது வேறு. அதற்காக 2018 ஏப்ரலில் தொடங்கியதுதான் பிரதமரின் வன் தன் திட்டம். 20 பேர் கொண்ட சுய உதவிக் குழுக்கள் 15 சேர்ந்தால் 300 பேர். அது ஒரு வன் தன் மையம். ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் 1,000 ரூபாய் போட வேண்டும். மத்திய அளவில் இதைக் கவனிப்பது டிரைஃபெட் என்ற பழங்குடியினர் கூட்டுறவுச் சந்தை இணையம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினர் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாகப் பட்டியலில் உள்ளவர்கள். அவர்களின் ஊர்களில் 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்தின் வழியாகவும் இந்த மையங்களைக் கேட்கலாம்.

என் கருத்தில், உரிமைப் பத்திரம் இல்லாமல் மையம் மட்டும் அமைப்பது வண்டியை வாங்கிவிட்டு மாட்டைத் தேடுவது போல. உலர்த்தும் களமும் தராசும் இருக்கும். மகசூலைக் காட்டிலிருந்து எடுக்க யாரையோ கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் படிவம்.

தனிநபர் நிலத்துக்கு 'ஏ' படிவம். சமூக உரிமைக்கு, அதாவது மகசூல், மேய்ச்சல், மீன், நீர்நிலை எல்லாவற்றுக்கும், 'பி' படிவம். ஊரின் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு 'சி' படிவம். மூன்றையும் கேட்கலாம், ஒன்றைக் கேட்டால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனு கிராம சபைக்குப் போகும். சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும்.

எந்தக் கிராம சபை என்பதில்தான் சிக்கல். நம் பஞ்சாயத்துகளில் மலையில் நாலு ஊர், சமவெளியில் பத்து ஊர் என்று ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அடிவாரத்தில் சபை கூடினால் மேலே உள்ளவர்கள் சிறுபான்மை. ஆனால் சட்டத்தில் 'கிராமம்' என்பதற்குள் வனக் கிராமங்களும் பழைய குடியிருப்புகளும் அளக்கப்படாத ஊர்களும் அடங்கும். பஞ்சாயத்து பெரிதாக இருந்தால் குடியிருப்பு அளவிலேயே சபையைக் கூட்டலாம் என்று 2012இல் மத்திய பழங்குடியினர் அமைச்சகமும் வழிகாட்டியது. மலையில் உள்ளவர்கள் தங்கள் ஊரிலேயே கூட்டச் சொல்லி எழுதிக் கேட்கலாம். தீர்மானம் செல்ல, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆதாரத்துக்குப் பயப்பட வேண்டாம். மனுதாரர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலம், சுடுகாடு, கோயில் இடம், பழைய கிணறு, பாதை, வாக்காளர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு எதுவும் ஆகும். ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். குறிப்பிட்ட இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று மேல் கமிட்டிகள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

சபை தீர்மானித்தபின் உட்கோட்டக் குழு, அதற்கு மேல் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. மாவட்டக் குழு சொல்வது முடிவு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபையின் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்; அதன் முடிவும் சரியில்லை என்றால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம். நாள் கணக்கு தப்பாமல் இருக்க, கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ரசீது வாங்கி வையுங்கள்.