தாத்தா ரிவால்வரை தயவுசெஞ்சு தேய்க்காதீங்க

பழைய துப்பாக்கிக்கு மதிப்புப் போடுற என் மேஜைக்கு மறுபடியும் ஒண்ணு வந்துச்சுங்க. கோல்ட்ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட நேவி மாடல் ரிவால்வர், .36 காலிபர் (குழலோட வாய் அளவு), 1850கள்ல செஞ்சது, பெட்டியோட வந்துச்சு, ஒரு பாகம் கூட மாறல. எல்லாமே சரியா இருந்த ஒரு துப்பாக்கி, கொண்டு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும். "பழசா அழுக்கா இருந்துச்சு சார், அப்படியே கொண்டு வந்தா விலை குறைச்சுடுவாங்கன்னு பாலிஷ் மெஷின்ல குடுத்து பளபளன்னு ஆக்கிட்டேன்"னு கொண்டு வந்தவரு சந்தோஷமா மேஜை மேல வச்சாரு. அந்த மாடல்ல சிலிண்டரைச் சுத்தி, அதாவது குண்டு நிரப்புற சுழலும் உருளையைச் சுத்தி, ஒரு கடற்போர் படம் பதிச்சிருப்பாங்க, டெக்சாஸ் கப்பல்களும் மெக்ஸிகோ கப்பல்களும் மோதுற காட்சி. நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்ச அந்தப் படம் ஒரு மத்தியானத்துல போயிடுச்சு. தடவிப் பார்த்தா ஒரு பாய்மரம் லேசா தட்டுப்பட்டுது, அவ்வளவுதான். சீரியல் நம்பர்ல பாதி இல்ல. அதை அவர்கிட்ட எடுத்துச் சொல்றது இருக்கே, அதுதான் இந்த வேலையில எனக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி. தெரிஞ்சு கெடுத்தவங்கன்னா கோவப்படலாம், இவங்க நல்லது செய்யுறோம்னு நினைச்சுல்ல செய்யுறாங்க.

அதனால இதை நிதானமா, முழுசா சொல்லிடறேன். பழைய துப்பாக்கி வாங்குற ஆளு பளபளப்புக்கு காசு குடுக்கல. ஃபேக்டரில இருந்து வெளிய வந்தப்ப அந்த இரும்பு மேல என்ன இருந்துச்சோ அது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துதான் காசு குடுக்குறாரு. நீலக் கருப்பா ஒரு பூச்சு இருக்கும், ப்ளூயிங்னு சொல்லுவோம். சில துப்பாக்கில ஃப்ரேம் மேல, அதாவது உடல் சட்டம் மேல, பல வண்ணம் கலந்த மாதிரி ஒரு மெருகு இருக்கும், சிலதுல நிக்கல் முலாம். இதெல்லாம் காலப்போக்குல மங்கி காபி நிறத்துக்கோ சாம்பல் நிறத்துக்கோ வரும், அதுக்குப் பேரு பேட்டினா. நீங்க அழுக்குன்னு பார்க்குறது அதைத்தான். அது வர நூறு வருஷம் ஆகும், எந்தக் கடையிலயும் வாங்க முடியாது, ஒருதடவை தேய்ச்சு எடுத்துட்டா உலகத்துல எவராலயும் திரும்பக் கொண்டு வர முடியாது.

தேய்க்கும்போது நிறம் மட்டும் போகல. ஓரமெல்லாம் மழுங்குது. எழுத்து ஆழம் குறையுது. ஸ்க்ரூ இருக்குற குழியோட விளிம்பு சரிஞ்சு கிண்ணம் மாதிரி ஆயிடுது. எங்கள மாதிரி ஆளுங்க ஒரு துப்பாக்கிய கையில வாங்குனதும் முதல்ல பார்க்குறது இந்த ஓரங்களையும் ஸ்க்ரூ தலையையும்தான், பேரை அப்புறம்தான் பார்ப்போம். ஸ்க்ரூ தலை சிதைஞ்சிருந்தா யாரோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டு உள்ள போயிருக்காங்கன்னு அர்த்தம், அப்ப உள்ள என்னென்ன மாத்துனாங்களோன்னு சந்தேகம் வந்துடும். மறுபடி ப்ளூயிங் போட்டா சரியாயிடுமான்னு எல்லாரும் கேட்பாங்க. ஆகாதுங்க. அது புதுப் பூச்சுன்னு முதல் பார்வையிலயே தெரியும், ஏன்னா மழுங்குன ஓரத்து மேலதான் அது உக்காந்திருக்கும்.

அமெரிக்காவுல என்.ஆர்.ஏ., அதாவது நேஷனல் ரைபிள் அசோசியேஷன்ங்கிற அமைப்பு வச்சிருக்குற தர அளவுகோலைத்தான் உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் பேசிக்குவாங்க. பழைய துப்பாக்கிகளுக்கான அந்த அளவுகோல்ல எக்ஸலன்ட்னு சொல்லணும்னா பாகமெல்லாம் ஒரிஜினலா இருந்து, ஃபேக்டரி பூச்சு 80 சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கணும். ஃபைன்னா 30 சதவீதத்துக்கு மேல. இதுக்கு அடுத்ததைக் கவனிங்க, வெரி குட்னா 0ல இருந்து 30 சதவீதம் வரைக்கும். அதாவது பூச்சே மிச்சமில்லாம பழுப்பா நிக்குற ஒரு துப்பாக்கி கூட, பாகம் ஒரிஜினலா இருந்து எழுத்தும் ஓரமும் தெளிவா இருந்தா வெரி குட் வாங்கலாம். நீங்க அசிங்கம்னு நினைச்சது அந்த வகையில இருந்திருக்கும். மெஷின்ல குடுத்ததும் ரெண்டு மூணு படி கீழ இறங்கிடுது.

இன்னும் நம்பலன்னா ஒண்ணு சொல்றேன். ஓவியர் வான்கோ 1890ல தன்னைச் சுட்டுக்கிட்டது இதாலதான் இருக்கும்னு சொல்லப்படுற ஒரு ரிவால்வர், 7 மில்லிமீட்டர், லெஃபோஷோங்கிற பிரெஞ்சு வகை, ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு விவசாயி வயல்ல கிடைச்சது. மண்ணுல கிடந்து துருப்பிடிச்சு அரிச்சு எலும்புக்கூடு மாதிரி இருக்கும். 2019ல பாரிஸ்ல ஏலத்துல 1,62,500 யூரோவுக்குப் போச்சு. அந்த விவசாயி வீட்டுல யாராவது அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வெள்ளையாக்கியிருந்தா? மண்ணுக்குள்ள எத்தனை காலம் கிடந்துச்சுன்னு சொல்ற ஒரே சாட்சி அந்தத் துருதான்.

அப்ப துரு பிடிச்சா அப்படியே விடணுமான்னா, தொட்டா கையில ஒட்டுற செம்பொடித் துரு மட்டும் ஆபத்து, அது இன்னும் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மெல்லிசா மெஷின் ஆயில், பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான். கம்பி பிரஷ் வேண்டாம். ஆசிட் வேண்டாம். பித்தளை பாலிஷ் வேண்டாம். வெறுங்கையால பிடிச்சா வியர்வை உப்பு ஒட்டும், கையுறை போடுங்க. தோல் உறைக்குள்ள வைக்காதீங்க, தோல் பதப்படுத்துன ரசாயனமும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். ஆனா உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்கும் விலை உண்டு, தனியா வைங்க.

தேய்க்குறது பணத்தைத்தான் கெடுக்கும். உயிரைக் கெடுக்குறது வேற ஒண்ணு. "பழசு சார், வேலை செய்யாது"ன்னு சொல்லிக்கிட்டே ஹேமரை, அதாவது பின்னாடி இருக்குற சுத்தியை இழுத்து ட்ரிகரை அமுக்குறாங்க, என் முன்னாடியே அமுக்குறாங்க! தயவுசெஞ்சு கேளுங்க. 1850கள், 60கள்ல வந்த பெர்கஷன் ரிவால்வர்ல தோட்டா பின்பக்கம் போட மாட்டாங்க, சிலிண்டரோட முன்பக்கத்துல இருந்து கருமருந்தும் ஈயக் குண்டும் கெட்டிப்பாங்க. பின்னாடி இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. தாத்தாவோட தாத்தா கெட்டிச்சு வச்சது அப்படியே உள்ள இருக்கலாம், கருமருந்து காய்ஞ்ச இடத்துல இருந்தா நூறு வருஷம் ஆனாலும் பத்திக்கும். காலியான்னு பார்க்க குழல் வாயில கண்ணை வைக்குறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்குது. நீங்க எதுவும் சோதிக்க வேண்டாம். ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது, குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கணும், லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் பார்த்து காலின்னு சொல்ற வரைக்கும் அது லோடு ஆனதுன்னே வச்சுக்கோங்க. காலின்னு தெரிஞ்சப்புறமும் சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீங்க, கருமருந்துக்குன்னு செஞ்ச பழைய இரும்பு இன்னைக்கு வர்ற புகையில்லா மருந்தோட அழுத்தத்தைத் தாங்காது, சிலிண்டர் வெடிச்சு விரல் போகும்.

அடுத்தது சட்டம். வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பி "என்ன விலை போகும்"னு கேட்குறதுக்கு முன்னாடி, அது உங்க கையில இருக்கலாமான்னு பாருங்க. நூறு வருஷம் ஆச்சுன்னா லைசன்ஸ் வேண்டாம்னு ஒரு நம்பிக்கை எல்லா ஊர்லயும் சுத்துது. அப்படி ஒரு பொது விதியே கிடையாது. அமெரிக்காவோட மத்திய சட்டத்துல 1898 அல்லது அதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா ஆன்டிக், அதாவது பழம்பொருள்னு கணக்கு, மாநிலச் சட்டம் தனி. பிரிட்டன்ல 2021ல புது விதி வந்துச்சு, ஆன்டிக்னு விலக்கு கிடைக்கணும்னா 1939 செப்டம்பர் 1க்கு முன்னாடி செஞ்சதா இருக்கணும், அதுக்கான தோட்டாவோ மருந்தைப் பத்த வைக்குற முறையோ வழக்கொழிஞ்ச பட்டியல்லயும் இருக்கணும். அந்த விதி வந்தப்ப சில தோட்டா வகைகளைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, அதுவரைக்கும் லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தவங்க திடீர்னு வாங்க வேண்டியதாச்சு. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் வயசை மட்டும் பார்க்குறதே இல்ல, பழங்காலத்துதா இருந்தாலும் ரிப்பேர் பண்ணாக்கூட சுட முடியாத நிலையில இருந்தாத்தான் விலக்கு. லைசன்ஸ் வச்சிருந்தவர் இறந்துட்டா வாரிசு அதை பீரோல வச்சுக்கிட்டு யோசிக்கக் கூடாது, போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ தாமதிக்காம ஒப்படைச்சு ரசீது வாங்கணும், உரிமை எங்கயும் போயிடாது. உங்க நாட்டுச் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட முதல்ல ஃபோன் பண்ணுங்க. துப்பாக்கிய பையில போட்டு எடுத்துக்கிட்டு நடக்காதீங்க, வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிக் கேளுங்க.

சரி, இது என்ன துப்பாக்கின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பின்பக்கத்தைப் பாருங்க. சிலிண்டர் பின்னாடி குட்டிக் குட்டியா முலைக்காம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா பெர்கஷன். சிலிண்டரோட பின் விளிம்புல சின்னச் சின்ன வெட்டு இருந்து, ஹேமர் மேல இருந்து கீழ அடிக்குற மாதிரி இருந்தா பின்ஃபயர், தோட்டாவோட பக்கவாட்டுல ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும், அது அந்த வெட்டுல உக்காரும், லெஃபோஷோ அந்தக் குடும்பம்தான். இது ரெண்டும் இல்லன்னா பெரும்பாலும் ஊசி இல்லாத உலோகத் தோட்டா போடுற வகை.

தேதி விஷயத்துல ரொம்பப் பேர் ஏமாறுறாங்க. இரும்புல இருக்குற தேதியை செஞ்ச தேதின்னு நினைச்சுடாதீங்க. அந்த கோல்ட் நேவியவே 1843ல செஞ்சதுன்னுதான் அவங்க வீட்டுல தலைமுறையா சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க, ஏன்னா சிலிண்டர்ல 1843 மே 16னு இருந்திருக்கு. அது அந்தக் கடற்போர் நடந்த நாள்! ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியோட ஆரம்பகால ரிவால்வர்ல 1855 ஏப்ரல் 3னு இருக்கும், அது ரோலின் ஒயிட்ங்கிறவரு சிலிண்டர்ல முழுசா துளை போடுற முறைக்கு வாங்குன காப்புரிமை தேதி, அந்தக் கம்பெனியோட முதல் ரிவால்வர் வந்ததே 1857ல. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன்ல 1871, 72, 75னு மூணு தேதி இருக்கும், அந்தத் துப்பாக்கி 20ஆம் நூற்றாண்டுலயும் செஞ்சாங்க. வருஷத்தைச் சொல்றது சீரியல் நம்பர்தான், அதைத்தான் நீங்க மெஷின்ல குடுத்து அழிக்கிறீங்க.

பேரும் அப்படித்தான். பிரிட்டிஷ் புல்டாக்னு இங்கிலீஷ்ல அடிச்சிருந்தா இங்கிலாந்துல செஞ்சதுன்னு நினைச்சுக்காதீங்க, இங்கிலாந்து வெப்லி கம்பெனியோட அந்த டிசைன் ஓடுனதும் பெல்ஜியத்துல இருந்து காப்பி ஏராளமா வந்துச்சு. முட்டை வடிவத்துக்குள்ள இ, எல், ஜி எழுத்தும் கீழ நட்சத்திரமும் இருந்தா பெல்ஜியத்துல லியேஜ் நகரத்துல சோதிச்சது, மேல கிரீடம் இருந்தா 1893ல இருந்து வந்தது. இன்னொண்ணு, 1950கள் கடைசியில இருந்து இத்தாலில பழைய கோல்ட் மாதிரியே நகல் செய்யுறாங்க, நல்ல தரமான நகல்தான், ஆனா சில பேர் அதுல இருக்குற இத்தாலி முத்திரையைச் சுரண்டிட்டு, பழசாக்கிப் பெட்டில போட்டு வித்திருக்காங்க. தாத்தா செய்யல, தாத்தாவுக்கு வித்தவன் செஞ்சிருப்பான்.

குடும்பக் கதைக்கு வர்றேன். "இது இன்னாரு வச்சிருந்தது"ன்னு சொன்னா மட்டும் விலை ஏறாது. பில்லி தி கிட்ங்கிற அமெரிக்கக் குற்றவாளியைச் சுட்ட ஷெரீஃப் பாட் கேரட்டோட கோல்ட் ரிவால்வர் 2021ல 60 லட்சம் டாலருக்கு மேல போச்சுன்னா, கேரட்டோட மனைவி அதைத் திரும்பக் கேட்டு கோர்ட்டுக்குப் போன பதிவு வரைக்கும் அது கைமாறுன பாதைக்குக் காகிதம் இருந்துச்சு. உங்க கதைக்கும் காகிதம் தேடுங்க. பழைய லைசன்ஸ், ரசீது, கடிதம், இடுப்புல அது தெரியுற ஒரு ஃபோட்டோ. கோல்ட் கம்பெனி ஆவணக் காப்பகமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனும் கட்டணம் வாங்கிக்கிட்டு, பதிவேடு இருக்குற மாடலுக்கு சீரியல் நம்பரை வச்சு எந்தத் தேதில எங்க அனுப்புனாங்கன்னு கடிதம் தருவாங்க. ஒரு சாதாரண துப்பாக்கியோட விலையையே அந்த ஒத்தைக் கடிதம் மாத்துனதைப் பார்த்திருக்கேன்.

விக்குறப்ப ஒரே ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கறேன், மதிப்புப் போடுறவரும் வாங்குறவரும் ஒரே ஆளா இருக்க விடாதீங்க. "நானே எடுத்துக்கறேன், இன்னைக்கே கேஷ்"னு சொன்னா நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. எழுத்துல ரெண்டு மதிப்பீடு வாங்குங்க. டீலர்கிட்ட சீக்கிரம் முடியும், விலை கம்மியாத்தான் வரும், அவருக்கும் லாபம் வேணும்ல, அதுல தப்பில்ல. ஆயுத ஏலம் தனியா நடத்துற கம்பெனின்னா கமிஷன் எவ்வளவு, ஃபோட்டோவுக்கும் இன்சூரன்ஸுக்கும் தனியா பிடிப்பாங்களா, இதுக்குக் கீழ விக்கக் கூடாதுங்கிற ரிசர்வ் விலை வைக்கலாமான்னு கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க. கைப்பிடி யானைத் தந்தம்னா உடனே சொல்லிடுங்க, தந்த விற்பனைக்குத் தனிச் சட்டம் இருக்கு, நாடு விட்டு நாடு அனுப்புறது கிட்டத்தட்ட முடியாது, அதுக்காக கைப்பிடியைக் கழட்டி எறியாதீங்க.

அப்புறம் அந்தப் பெட்டி. மரப்பெட்டிக்குள்ள மருந்துக் குடுவை, ஈயக் குண்டு வார்க்குற அச்சு, சின்ன ஸ்க்ரூடிரைவர், தகர டப்பா எல்லாம் வச்சு ஒரு செட்டாத்தான் அன்னைக்கு வித்தாங்க. பாகப்பிரிவினைல துப்பாக்கி அண்ணனுக்கு, பெட்டி தங்கச்சி வீட்டு நகைப்பெட்டியா, அச்சு எங்கயோ பரண் மேலன்னு போயிடுது. தனித்தனியா வித்தா வர்றதை விட சேர்ந்து நிக்கிற செட்டுக்கு ரொம்பவே அதிகம் கிடைக்கும். மதிப்புப் போட வர்றதுக்கு முன்னாடி சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் ஒரு ஃபோன் போட்டு அந்தப் பெட்டில இருந்தது யார் யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க, கிடைச்சதைத் துடைக்காம அப்படியே எடுத்து வைங்க.